எல்லைக்கல்லின் இரு பக்கமும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்த உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணம் பற்றி அரை மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒரு நாடு முழுவதையும் அரை மணியில் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் குடியிருப்பில் ஜெர்மனியில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. விசா வாங்கி, இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போய் வருகிறோம். போனால் ஒரு வாரம் பாரிஸ், ஒரு வாரம் சுவிட்சர்லாந்துப் பனிமலை. மீதி நாட்களில் பிள்ளைகள் அலுவலகம் போனபின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறோம். அந்த மீதி நாட்களுக்கான இடத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கார்ல்ஸ்ரூவில் பிள்ளை இருந்தால் அந்த இடம் நாற்பது கிலோமீட்டர்தான். ஸ்டுட்கார்ட், ஃபிராங்ஃபர்ட் என்றால் இரண்டு மணி நேரப் பயணம். சுவிட்சர்லாந்தில் ஒரு நாளைக்கு ஆகும் செலவில் இங்கே இரண்டு மூன்று நாள் சுற்றலாம்.

ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே ரைன் ஆற்றின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய காடு இருக்கிறது. வடக்கே ஜெர்மனியில் அதன் பெயர் பாலட்டினேட் காடு. தெற்கே பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குள் நுழைந்ததும் வடக்கு வோஸ்ஜ் மலை. பெயர்தான் இரண்டு, காடு ஒன்றுதான். அதே சிவப்பு மணற்கல், அதே பீச் மரம், அதே பைன் மரம். 1998-இல் யுனெஸ்கோ இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பரப்பளவு 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

இந்தக் காட்டுக்குள் எல்லை ஓடுகிறது. வேலி கிடையாது, காவல் கிடையாது. நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கும், அவ்வளவுதான். கல்லுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் பிரான்ஸ். அந்தக் கல்லைச் சாதாரணமாகத் தாண்டிப் போகும் நிலை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்தப் பயணத்துக்குப் பலன். இல்லாவிட்டால் அங்கே பார்ப்பதெல்லாம் வெறும் மரமும் இடிந்த சுவரும்தான்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் அல்சாஸின் கணக்கை லெட்ஜர் மாதிரியே படிக்கிறேன். 1648-இல் முப்பதாண்டுப் போர் முடிந்தபோது அல்சாஸின் பெரும்பகுதி பிரான்சுக்கு வந்தது. 1681-இல் ஸ்ட்ராஸ்பூர் நகரமும் வந்து சேர்ந்தது. 1871-இல் பிரான்ஸ் போரில் தோற்றதால் ஜெர்மனிக்கு மாற்றம். 1918-இல் ஜெர்மனி தோற்றதால் திரும்பப் பிரான்சுக்கு. 1940-இல் ஹிட்லர் எடுத்துக்கொண்டார். 1945-க்குள் மறுபடி பிரான்ஸ். 1870-இல் அங்கே பிறந்த ஒரு பாட்டி 1945 வரை உயிரோடு இருந்திருந்தால், வீட்டை விட்டு நகராமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார். வீடு அதே வீடு, கிணறு அதே கிணறு. பள்ளிக்கூடத்தில் பேரப்பிள்ளை படிக்கும் மொழி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதலில் கோட்டைகளைப் பார்க்கலாம்.

பிரான்ஸ் பக்கம் லெம்பாக் என்ற ஊருக்கு அருகில் ஃப்ளெக்கன்ஸ்டைன் கோட்டை இருக்கிறது. நீளமான சிவப்புப் பாறை ஒன்று கப்பல் போலக் காட்டுக்கு மேலே நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறையைக் குடைந்தே படிக்கட்டு, அறை, தண்ணீர்த்தொட்டி எல்லாம் செய்தார்கள். கட்டியதைவிடக் குடைந்தது அதிகம். நம் மகேந்திரவர்மன் குடைவரைகளைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆனால் இங்கே குடைந்தது சாமிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. 1680-இல் பிரெஞ்சுப் படை இதைத் தகர்த்தது.

அங்கிருந்து நான்கு கோட்டைகளைச் சுற்றி வரும் நடைபாதை ஒன்று உண்டு. ஃப்ளெக்கன்ஸ்டைன், லோவன்ஸ்டைன், ஹோஹன்பூர் ஆகிய மூன்றும் பிரான்சில் இருக்கின்றன. நான்காவதான வேகல்ன்பூர்க் ஜெர்மனியில். லோவன்ஸ்டைன் கோட்டையைக் கொள்ளைக்காரர்களின் இருப்பிடம் என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். ஹோஹன்பூர் கோட்டைக் குடும்பத்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஒருவர் ஜெர்மன் மொழியில் காதல் பாட்டு எழுதிய கவிஞர். அவர் வீடு இன்று பிரான்சில் இருக்கிறது. வேகல்ன்பூர்க் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏறி நின்றால் இரண்டு நாட்டுக் காடும் ஒரே பச்சையாகத் தெரியும். எங்கே கோடு என்று கேட்டால் யாராலும் கைகாட்ட முடியாது.

ஹோஹன்பூருக்கும் வேகல்ன்பூர்க்குக்கும் நடுவில்தான் நான் சொன்ன எல்லை வருகிறது. இந்தக் கோட்டைகள் எழுந்த காலத்தில் அங்கே எல்லையே கிடையாது. எல்லாம் ஒரே புனித ரோமப் பேரரசின் குறுநிலப் பிரபுக்களுடைய இடங்கள். பிறகு வந்த கோடுதான் மூன்றை ஒரு நாட்டுக்கும் ஒன்றை இன்னொரு நாட்டுக்கும் கொடுத்தது.

இன்னும் இரண்டு கோட்டைகள் ஜெர்மனி பக்கம் பார்க்க வேண்டியவை.

ஒன்று அன்வைலர் ஊருக்கு மேலே உள்ள ட்ரிஃபெல்ஸ். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், சிங்க இதயம் கொண்டவர் என்று பள்ளியில் படித்தோமே, அவர் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்டு, 1193-இல் இங்கே சிறை வைக்கப்பட்டார். விடுதலைக்குப் பேசி முடித்த தொகை 1,50,000 மார்க் வெள்ளி. இங்கிலாந்து மக்கள் மீது வரி மேல் வரி போட்டுத் திரட்டினார்கள். பெரும்பகுதி வந்து சேர்ந்த பிறகு 1194-இல்தான் ஆளை விட்டார்கள். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பேரரசர் ஆறாம் ஹென்றி சிசிலியைப் பிடிக்கக் கிளம்பினார். கடன் வசூலில் நாற்பது வருடம் இருந்தவர்களுக்குக்கூட இப்படி ஒரு பிணையைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று பெர்வார்ட்ஸ்டைன். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே இருந்தவர் ஹன்ஸ் ஃபான் ட்ரோத்தா என்ற வீரர். கீழே சமவெளியில் இருக்கும் விஸம்பூர் மடத்துக்கும் இவருக்கும் சொத்துத் தகராறு. அந்த ஊருக்குப் போகும் லாவ்டர் ஆற்றை இவர் அணை கட்டி மறித்தார். ஊர் வறண்டது. மடத்துத் தலைவர் மேலிடத்தில் புகார் செய்தார். உடனே இவர் அணையை உடைத்துவிட்டார். ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் லாரிக்காக நம் பிளாக்குகளுக்குள் நடக்கும் வாக்குவாதமெல்லாம் இவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. போப்பாண்டவர் இவரை மதத்திலிருந்தே விலக்கி வைத்தார். ஊர்மக்கள் இன்னும் மறக்கவில்லை. அல்சாஸில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளை "ஹான்ஸ் ட்ராப் வந்து பிடித்துக்கொண்டு போவான்" என்று பயமுறுத்துவார்கள். அந்த ஹான்ஸ் ட்ராப் இவர்தான். நம் பக்கம் பூச்சாண்டி என்கிறோமே, அதே வேலை. கோட்டை ஜெர்மனியில், பூச்சாண்டி பிரான்சில். எல்லைக் கோடு கதையை நிறுத்தவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டை பற்றி முடிப்பதற்குமுன் ஒரு எச்சரிக்கை. அல்சாஸில் அதிகம் பேர் பார்க்கும் கோட்டை தெற்கே இருக்கும் ஓ-கோனிக்ஸ்பூர். கோபுரம், கூரை, பீரங்கி எல்லாம் சேதாரமில்லாமல் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டை 1633-இல் ஸ்வீடன் படையால் எரிக்கப்பட்டுப் பாழாகக் கிடந்தது. 1899-இல் செலஸ்தா நகரம் அதை ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தது. அவர் 1900 முதல் 1908 வரை புதிதாக எழுப்பினார். போரில் வென்ற மண்ணில், "இது தொன்றுதொட்டு எங்கள் இடம்" என்று கல்லில் எழுதிக் காட்டுகிற வேலை அது. பத்தே வருடத்தில் போரில் தோற்று, கோட்டை பிரான்ஸ் அரசின் கைக்குப் போய்விட்டது. நான் சொன்ன ட்ரிஃபெல்ஸில் இன்று நிற்கும் கட்டடத்திலும் பெரும்பகுதி 1938-க்குப் பிறகு நாஜி அரசு தன் பெருமைக்காகக் கட்டத் தொடங்கியது. ஆகவே முழுசாக நிற்கும் கோட்டையைப் பார்த்தால், யார் கட்டினார்கள் என்பதோடு, யார் எதற்காக மறுபடி கட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

இனி ஊர்கள்.

விஸம்பூர்தான் தங்குவதற்கு வசதி. எல்லையை ஒட்டிய பிரெஞ்சு ஊர். ஸ்ட்ராஸ்பூரிலிருந்தும் ரயில் உண்டு, ஜெர்மனியிலிருந்தும் ரயில் உண்டு. ஊருக்குள் லாவ்டர் ஆறு வாய்க்கால் வாய்க்காலாக ஓடும். 1448-இல் கட்டிய உப்புக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் கூரை அலை அலையாக வளைந்து போயிருக்கும். பார்த்தாலே சிரிப்பு வரும். இந்த ஊர் மடத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஆட்ஃப்ரிட் என்ற துறவி இருந்தார். ஜெர்மன் மொழியில் எழுதிய கவிஞர்களில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழையவர் அவர். அவர் ஊர் இன்று பிரான்ஸ். எதிர்ப்பக்கம் பாருங்கள்: வடக்கே இருக்கும் லாண்டாவ் இன்று ஜெர்மன் நகரம். அதுவோ 1815 வரை பிரெஞ்சுக் கோட்டை நகரமாக இருந்தது.

விஸம்பூரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஷ்வைகன் என்ற ஜெர்மன் ஊர். திராட்சைத் தோட்டம் நடுவே பாதை. அந்த ஊர் விவசாயிகள் பலருக்குத் தோட்டம் பிரான்சில், வீடும் திராட்சரசக் கிடங்கும் ஜெர்மனியில். பிரெஞ்சு மண்ணில் விளைந்த பழத்தை ஜெர்மன் ஒயினாக விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. காலையில் டிராக்டரில் வேறு நாட்டுக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குத் தன் நாட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஹுன்ஸ்பாக் கிராமத்தையும் விடாதீர்கள். மரச்சட்டம் தெரியும் வெள்ளை வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி. 2020-இல் பிரெஞ்சு மக்கள் வாக்களித்து நாட்டின் மிகப் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சில வீடுகளில் ஜன்னல் கண்ணாடி வெளியே உப்பினாற்போல இருக்கும். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடியாது. நம் கதவில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடிக்கு அது மூத்த அண்ணன்.

பக்கத்தில் ஸூஃப்லென்ஹைம், பெட்ஷ்டோர்ஃப் என்று இரண்டு குயவர் ஊர்கள். முதல் ஊரில் வண்ணப் பூ வரைந்த சமையல் மண்பாண்டம். இரண்டாவது ஊரில் சாம்பல் நிறத்தில் நீலப் பூ போட்ட கல்ஜாடி. சூளையில் உப்பைப் போட்டு மெருகு ஏற்றுவது இந்த இரண்டாவது ஊரின் தொழில்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். அங்கே பிரபலமானது ஃப்ளாம்குஷ். மெல்லிய ரொட்டி மாவின் மேல் கிரீமும் வெங்காயமும் பரப்பி அடுப்பில் சுடுவது. வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டும் போடுவார்கள். சைவர்கள் ஜெர்மன் பக்கம் "ஓன ஷ்பெக்" என்றும், பிரெஞ்சுப் பக்கம் "ஸான் லார்டோன்" என்றும் சொன்னால் இல்லாமல் தருவார்கள். குகெல்ஹோஃப் என்ற மோதிர வடிவ இனிப்பு ரொட்டி, முறுக்கு போல் பின்னிய பிரெட்ஸல் எல்லா இடத்திலும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் போனால் பாலட்டினேட் பக்கம் பாதை முழுக்கக் கஷ்கொட்டை உதிர்ந்து கிடக்கும்.

மொழி விஷயம் கவனிக்க வேண்டியது. அல்சாஸ் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது பிரெஞ்சு இல்லை, ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கு. 1940-இல் நாஜிகள் வந்ததும் பிரெஞ்சு பேசக்கூடாது என்றார்கள். ஆட்களின் பிரெஞ்சுப் பெயரைக்கூட ஜெர்மன் பெயராக மாற்றினார்கள். 1945-க்குப் பிறகு பிரெஞ்சு அரசு, "பிரெஞ்சு பேசுவதுதான் நாகரிகம்" என்று சுவரொட்டி ஒட்டியது. இரண்டு பக்கமும் நெருக்கியதில் நடுவில் இருந்த வட்டாரப் பேச்சு மெலிந்துவிட்டது. தாத்தா பேசுகிறார், பேரனுக்குப் புரிவதில்லை. நம்மில் பலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு இதே அனுபவம்தான்.

ஆனால் ஜெர்மன் ஆட்சி போன பிறகும் சில விஷயங்கள் போகவில்லை. பிரான்சில் ரயில்கள் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும். அல்சாஸில் ஜெர்மனியைப் போல வலப்பக்கம். 1871-இல் இருந்த பழைய எல்லைக்கு அருகே ஒரு தண்டவாளம் இன்னொன்றின் மேலேறிப் பக்கம் மாறுகிறது. புனித வெள்ளியும் டிசம்பர் 26-உம் பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் விடுமுறை இல்லை, இங்கே உண்டு. பிரான்ஸ் 1905-இல் அரசையும் மதத்தையும் பிரித்தபோது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தது. அதனால் அந்தச் சட்டம் இன்றும் இங்கே கிடையாது. பாதிரியாருக்கும் யூத மதகுருவுக்கும் அரசு சம்பளம் கொடுக்கிறது. அடமானப் பத்திரம் பார்த்தே காலம் கழித்த எனக்கு இன்னொன்று பிடித்தது: நிலப் பதிவேடு. ஜெர்மன் காலத்து முறைப்படி நீதிபதியின் பொறுப்பில் உள்ள பதிவேடு அது. பிரான்சின் பெரும்பாலான மாவட்டங்களில் இந்த முறை இல்லை. வந்த பிரெஞ்சு அரசு, நன்றாக இருக்கிறது என்று அதை அப்படியே வைத்துக்கொண்டது.

இதுவரை சொன்னது சுவாரஸ்யமான பக்கம். அடுத்த பக்கத்தையும் பார்க்காமல் திரும்பக்கூடாது.

ஹுன்ஸ்பாக் அருகில் ஷோனன்பூர் என்ற மாஜினோ கோட்டை இருக்கிறது. 1930-களில் ஜெர்மனிக்கு எதிராகப் பிரான்ஸ் கட்டிய நிலத்தடி அரண். முப்பது மீட்டர் ஆழத்தில் படுக்கை, சமையலறை, மின் நிலையம், சிறு ரயில் எல்லாம் உண்டு. 1940 ஜூனில் பயங்கரமான குண்டு வீச்சையும் தாங்கி நின்றது. நாடே சரணடைந்த பிறகு, மேலிடத்து உத்தரவு வந்துதான் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். எதிரே ஜெர்மனியும் ஒரு அரண் கட்டியது. அதன் டாங்கித் தடுப்புக் கற்கள் இன்று பாசி படர்ந்து காட்டுக்குள் கிடக்கின்றன. உடைந்த பதுங்கு குழிகளில் வௌவாலும் காட்டுப்பூனையும் தங்குகின்றன.

அடுத்து, ஸ்ட்ராஸ்பூர் நகரில் குடியரசுச் சதுக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னம். 1936-இல் வைத்தது. ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் இறந்துகொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகள். எந்த ராணுவம் என்று தெரியக்கூடாது என்பதற்காக இருவருக்கும் சீருடை இல்லை. ஒருவன் பிரான்சுக்காகவும் இன்னொருவன் ஜெர்மனிக்காகவும் போரிட்டவர்கள். கீழே "நம் இறந்தவர்களுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மற்ற பிரெஞ்சு ஊர்களில் "தாய்நாட்டுக்காக இறந்தவர்கள்" என்று இருக்கும். இங்கே எந்தத் தாய்நாடு என்று எழுத முடியும்? முதல் உலகப் போரில் இப்பகுதியிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் படையில் இருந்தார்கள். பிரான்சுக்குப் போய் அந்தப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்தச் சிலை வைத்த ஆறாவது வருடம் அதைவிட மோசம். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அல்சாஸ் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். மோசெல் பகுதியையும் சேர்த்து சுமார் 1,30,000 பேர். தப்பி ஓடினால் குடும்பத்தை நாடு கடத்துவார்கள். அதனால் போனார்கள். பெரும்பாலோரை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 30,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ரஷ்யாவில் கைதியாக இருந்தவர்களில் கடைசி மனிதர் வீடு வந்து சேர்ந்தது 1955-இல். உயிரோடு வந்தவர்களையும் "நீ எதிரியின் சீருடை போட்டவன்தானே" என்று ஊர் கேட்டது. அவர்களை "நம் விருப்பமின்றிப் போனவர்கள்" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். மால்க்ரே-நூ என்பது அந்தச் சொல்.

இத்தனைக்கும் பிறகு அந்த எல்லை எப்படி வெறும் கல்லாக மாறியது?

தானாக மாறவில்லை. விஸம்பூரிலிருந்து காட்டுப் பாதையில் மேற்கே போனால் ஜெர்மனி பக்கம் ஸாங்க்ட் கெர்மான்ஸ்ஹோஃப் என்ற சின்னஞ்சிறு இடம். 1950 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, போர் முடிந்து ஐந்தே வருடத்தில், பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 300 மாணவர்கள் இரு பக்கமிருந்தும் அங்கே வந்து, சுங்கச்சாவடியின் தடுப்பு மரங்களை அறுத்து எரித்தார்கள். ஐரோப்பாவுக்கு ஒரே நாடாளுமன்றம் வேண்டும் என்று கேட்டார்கள். அப்பன், அண்ணன்மார் ஒருவரையொருவர் சுட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இன்று அங்கே ஒரு நினைவுச் சின்னம் மட்டும் இருக்கிறது. பெரிய கூட்டம் வராது. ஆனால் போக வேண்டிய இடம்.

அதே 1950-இல், மே 9 அன்று, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷுமான் ஒரு திட்டத்தை அறிவித்தார். இரு நாட்டின் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க வேண்டும் என்பது அது. அன்று நிலக்கரியும் எஃகும் இல்லாமல் யாரும் போர் நடத்த முடியாது. நம் பாஷையில் சொன்னால், இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற கூட்டுக் கணக்கு. ஒருவர் கோபத்தில் வந்து முழுவதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. இந்த யோசனையைச் சொன்ன ஷுமானும் எல்லைப் பகுதி மனிதர்தான். அவர் அப்பா பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, 1871-க்குப் பிறகு ஜெர்மன் குடிமகன் ஆனவர். ஷுமானே பிறவியில் ஜெர்மன் குடிமகன். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர். அந்தக் கூட்டுக் கணக்கு வளர்ந்ததுதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம். 1995-இல் ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது எல்லைச் சோதனை நின்றது. 2017 முதல் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கெல் ஊருக்கு டிராம் ஓடுகிறது. பிரான்சில் வேலை, ஜெர்மனியில் மளிகை என்று மக்கள் பை தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள்.

இது நிரந்தரம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இங்கே எல்லை மூடப்பட்டது. கிராமச் சாலைகளில் தடுப்பு வைத்தார்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று இருந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் போனார்கள். பெரியவர்களுக்குப் பழைய காலம் ஞாபகம் வந்தது. ஆனால் அதே மாதத்தில், அல்சாஸ் மருத்துவமனைகளில் படுக்கை இல்லாமல் திணறியபோது, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த ஜெர்மன் மருத்துவமனைகள் பிரெஞ்சு நோயாளிகளை ஏற்றுக்கொண்டன. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனையைத் தொடங்கியது. ஆக, இருவர் கையெழுத்துக் கணக்கு என்றால் இருவரும் தொடர்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காடு மட்டும் இதையெல்லாம் கேட்பதில்லை. அங்கே லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனம் வேட்டையில் அற்றுப்போயிருந்தது. 2016 முதல் 2020 வரை ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் 20 லின்க்ஸ்களைக் கொண்டுவந்து பாலட்டினேட் காட்டில் விட்டார்கள். அவற்றில் சில நடந்தே பிரான்சுக்குப் போயின. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை.

நமக்கு ஆள் உண்டு. அதனால் சில நடைமுறைக் குறிப்புகள். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். எல்லை தாண்டும் நாளில் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், நகல் போதாது. மே முதல் அக்டோபர் வரை போவது நல்லது. வசந்தத்தில் சில பாறைகளில் வல்லூறு கூடு கட்டும், அப்போது அங்கே ஏற விடமாட்டார்கள். நான்கு கோட்டை நடைக்கு அரை நாள் வேண்டும். ஏற்ற இறக்கம் உண்டு, செருப்பில் போகாதீர்கள், ஊன்றுகோல் எடுத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஃப்ளெக்கன்ஸ்டைன் மட்டும் பார்த்தால் போதும், அருகிலேயே கார் நிறுத்தலாம். கோட்டைக்குள் படிக்கட்டு குறுகலாக இருக்கும், கைப்பிடியை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தண்ணீரும் சிற்றுண்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். காட்டில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது, காகித வரைபடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்கு ஐரோப்பா என்றால் எல்லை இல்லாத இடம், பிறந்தது முதல் அப்படித்தான். காட்டில் அந்தக் கல்லைக் காட்டி, இதைத் தாண்டுவதற்கு ஒரு காலத்தில் எத்தனை உயிர் போனது, யார் யார் சேர்ந்து இதை இவ்வளவு சிறிய கல்லாக ஆக்கினார்கள் என்று தாத்தா பாட்டி சொன்னால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

வரைபடமும் ரயில் நேர விவரமும் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், திரும்பி வந்ததும் மறக்காமல் வைத்துவிடவும்.